பேஸ் க்ளொக்கைக் கூட்டியும் சூப்பர் பை நேரம் குறையவில்லை: பிழை செயலியிலா, கடிகாரத்திலா?

அறிவியல்நகர்_மாணவன் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் முல்லைத்தீவிலும் இருக்கிற நாங்கள் சில நண்பர்கள், கைமாறி வந்த பழைய செயலிகளை ஓவர்க்ளொக் செய்து (நிர்ணயித்த வேகத்துக்கு மேல் ஓடவைத்து), சூப்பர் பை மென்பொருளில் பை (π) என்ற கணித மாறிலியின் 1,048,576 இலக்கங்களைக் கணிக்க ஒவ்வொரு கணினியும் எடுக்கும் நேரத்தை ஒரே அட்டவணையில் பதிந்து வருகிறோம். மூல மென்பொருள் முழுச் செக்கன்களை மட்டுமே காட்டும் என்பதால், மில்லிசெக்கன் வரை காட்டுமாறு யாரோ மாற்றியமைத்துப் பகிர்ந்த ஒரு பிரதியையே எல்லோரும் பயன்படுத்துகிறோம்.

என்னுடையது இன்டெல் ஐ5-4690கே; இயங்குதளம் விண்டோஸ் 8.1. பேஸ் க்ளொக் என்ற அடிப்படைத் துடிப்பைப் பெருக்கி என்ற எண்ணால் பெருக்கினால் வருவதே செயலியின் வேகம். பெருக்கி 40, பேஸ் க்ளொக் 100 மெகாஹேர்ட்ஸ் என்று வைத்தால் 9.219 செக்கன் வருகிறது. பயோஸில் (விண்டோஸ் தொடங்கும் முன் வரும் அமைப்புத் திரையில்) பேஸ் க்ளொக்கை 104 ஆக்கிக் கணினியைத் தொடக்கினால் 8.859 வருகிறது, அது எதிர்பார்த்ததுதான். ஆனால் 100 இல் தொடக்கிய பிறகு, மதர்போர்ட்டுடன் வந்த மென்பொருளைக் கொண்டு விண்டோஸுக்குள்ளேயே 104 ஆக்கினால், செயலியின் வேகம் 4160 மெகாஹேர்ட்ஸ் என்று காட்டப்படுகிறதே தவிர, நேரம் 9.219 ஐ விட்டு அசைவதில்லை.

வவுனியா நண்பருக்கு இதற்கு நேர்மாறாக நடக்கிறது. அதே செயலியை 104 இல் தொடக்கி, விண்டோஸுக்குள் 100 ஆகக் குறைத்த பின்னரும் அவருக்கு 8.859 வருகிறது. அதை அவர் 4.0 கிகாஹேர்ட்ஸுக்கு உரிய முடிவாக அட்டவணையில் பதிந்திருக்கிறார். அவர் ஏமாற்றுகிறவர் அல்லர். திரையில் கண்டதைத்தான் எழுதினார். ஆயினும் இதனால் எங்களுக்குள் மனக்கசப்பு வந்துவிட்டது.

இன்னொன்றையும் கவனித்தேன். 9.203, 9.219, 9.234, 9.250 என்ற எண்களே திரும்பத் திரும்ப வருகின்றன, இடையில் 9.210 போன்ற ஒன்று வருவதே இல்லை. எந்த எண்ணை நம்புவது, அட்டவணையை என்ன செய்வது என்று தெரிந்தவர்கள் விளக்கினால் பேருதவியாக இருக்கும்.

மாங்குளம்_வாசி எழுதியது:

தம்பி, முதலில் வெப்பத்தைப் பாருங்கள். சித்திரை, வைகாசியில் எங்கள் பக்கத்து அறை வெப்பநிலையில் காற்றால் குளிரூட்டப்படும் செயலி சூடேறித் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்வது வழக்கம். மாலை நேரங்களில் மின்னழுத்தமும் இறங்குகிறது. கணினிக்குள் இருக்கும் குவாட்ஸ் பளிங்கும் சூட்டில் பிசகக்கூடும். இந்த மூன்றையும் ஒதுக்காமல் மென்பொருளைக் குறைசொல்வது சரியாகாது என்பது என் எண்ணம்.

நெடுங்கேணி_இலத்திரனியல் எழுதியது:

வெப்பத்தைச் சோதிக்கச் சொன்னது நல்ல ஆலோசனைதான். எனினும் தம்பி தந்திருக்கும் எண்களுக்கு வெப்பம் காரணமாக இருக்க முடியாது. பயோஸ் வழியாக வைத்த 104 இல் செயலி தடுமாறாமல் ஓடுகிறது என்றால், அதே அறையில் அதே மின்விசிறியின் கீழ் விண்டோஸ் வழியாக வைத்த 104 இலும் அது ஓடத்தான் வேண்டும். பளிங்கைப் பொறுத்தவரை, கணினியின் நாட்காட்டிக் கடிகாரத்தை ஓட்டும் 32,768 ஹேர்ட்ஸ் பளிங்கு 25 பாகைக்கு அண்மையில்தான் மிகச் சரியாக அதிரும். அதிலிருந்து விலகும் பாகைகளின் வர்க்கத்தை 0.034 ஆல் பெருக்கினால், பத்து இலட்சத்தில் எத்தனை பங்கு அது பிந்துகிறது என்பது ஏறத்தாழக் கிடைக்கும். பெட்டிக்குள் 45 பாகை என்று கொண்டாலும் அது பத்து இலட்சத்தில் 14 பங்கைத் தாண்டாது. ஒரு நாளில் ஒரு செக்கனுக்குச் சற்று மேல், அவ்வளவுதான். நாங்கள் பேசுவதோ நூற்றுக்கு நான்கு. மின்னழுத்தம் இறங்கினால் கணினி நின்றுபோகலாம், ஆனால் அதன் கடிகாரம் பிசகாது. மின்வழங்கி முதலில் நேரோட்டமாக மாற்றிவிடுவதால் எங்கள் 50 ஹேர்ட்ஸ் மின்சாரத்துக்கும் அந்தக் கடிகாரத்துக்கும் தொடர்பே இல்லை.

இனி உண்மையான காரணத்துக்கு வருகிறேன். உங்கள் தலைமுறைச் செயலியில் பேஸ் க்ளொக் என்பது கணக்கிடும் கருக்களை மட்டும் ஓட்டும் துடிப்பு அன்று. நினைவகம் அதிலிருந்தே வேகம் பெறுகிறது. செயலிக்குள் துடிப்புகளை எண்ணிக்கொண்டே போகும் நேரமுத்திரை எண்ணியும் அதையே பின்பற்றுகிறது. விண்டோஸ் தொடங்கும்போது அந்த எண்ணி ஒரு செக்கனில் எத்தனை முறை கூடுகிறது என்று ஒரு தடவை அளந்து, அணைக்கும் வரைக்கும் அந்த அளவையே உண்மை என்று வைத்துக்கொள்கிறது. அதன் பிறகு நீங்கள் பேஸ் க்ளொக்கை மாற்றினால் விண்டோஸுக்கு அது தெரியாது. நெல்லை அளக்கும் கொத்தும் நெல்லோடு சேர்ந்து அதே அளவுக்குப் பெருத்தால், குவியல் எவ்வளவு கூடினாலும் கொத்துக் கணக்கு மாறாது. உங்கள் கணினியில் நடப்பது அதுவே.

கணக்கையும் போட்டுப் பார்ப்போம். 9.219 ஐ 1.04 ஆல் வகுத்தால் 8.864. விண்டோஸுக்குள் 104 ஆக்கியபோது உங்கள் செயலி உண்மையிலேயே 8.864 செக்கனில் வேலையை முடித்துவிட்டது. ஆனால் கடிகாரமும் நூற்றுக்கு நான்கு பங்கு விரைந்து ஓடியதால் அந்த 8.864 திரையில் மறுபடி 9.219 ஆகிவிட்டது. வவுனியா நண்பரின் கணினியில் கடிகாரம் பிந்தி ஓடியது: உண்மையில் எடுத்தது 9.219, காட்டியது அதை 1.04 ஆல் வகுத்த எண். ஆகவே அவருடைய முடிவு பொய்; உங்களுடையதும் பொய்தான், ஆனால் உங்களுக்குப் பாதகமான பொய். அவரைக் குற்றம் சொல்ல எதுவும் இல்லை.

இது உங்களுக்கு மட்டும் வந்த சிக்கல் அன்று. ஓவர்க்ளொக் முடிவுகளைத் தரப்படுத்தும் எச்டபிள்யூபொட் தளம், இதே காரணத்துக்காக 2013 ஓகஸ்ட் மாதத்தில் விண்டோஸ் 8 இல் பெற்ற முடிவுகளை ஏற்க மறுத்தது. 130 மெகாஹேர்ட்ஸில் தொடக்கி 122 ஆகக் குறைத்தால் ஐந்து நிமிடத்தில் ஏறக்குறைய 18 செக்கன் காணாமற்போகும் என்பதை நீங்களே பெருக்கிப் பார்த்துக்கொள்ளலாம். உலகச் சாதனைகள் செக்கனின் நூறில் ஒரு பங்கில் தீர்மானிக்கப்படும் இடத்தில் இது எவ்வளவு பெரிய ஓட்டை என்று சொல்லத் தேவையில்லை.

சோதிப்பது எளிது. இணையத்தைத் துண்டியுங்கள். 100 இல் தொடக்கி 104 ஆக்குங்கள். கைத்தொலைபேசியில் நிறுத்தற் கடிகாரத்தை ஓடவிட்டு, பத்து நிமிடம் முடியும்போது கணினியின் மணி எவ்வளவு நகர்ந்திருக்கிறது என்று பாருங்கள். கை அழுத்துவதில் கால் செக்கன் தவறினாலும் 600 செக்கனில் அது நூற்றுக்கு 0.05 கூட ஆகாது. நான்கு பங்கு என்பது 24 செக்கன். ஒளிந்துகொள்ள இடமே இல்லை.

அறிவியல்நகர்_மாணவன் எழுதியது:

மிக்க நன்றி அண்ணா. சொன்னபடியே செய்தேன். தொலைபேசியில் பத்து நிமிடம் கடந்தபோது கணினியின் மணி பத்து நிமிடம் 24 செக்கன் நகர்ந்திருந்தது. நண்பரும் தன் கணினியில் செய்து பார்த்தார்; அங்கே 9 நிமிடம் 37 செக்கன். இருவரும் இன்று நீண்ட நேரம் பேசிக்கொண்டோம், கசப்பு நீங்கிவிட்டது.

இரண்டு கேள்விகள் மிஞ்சியிருக்கின்றன. எச்பெட் கடிகாரத்தை இயக்கினால் இந்தப் பிழை நீங்கும் என்று ஒருவர் சொன்னார், அது சரியா? அடுத்து, எண்கள் படிப்படியாக வருவதற்குக் காரணம் என்ன?

முரசுமோட்டை_நிரலர் எழுதியது:

இரண்டாவது கேள்வியிலிருந்து தொடங்குகிறேன், ஏனெனில் முதலாவதன் விடை அதற்குள் இருக்கிறது. விண்டோஸ் தன் உள் மணியை வழமையாகச் செக்கனுக்கு 64 தடவை முன்னகர்த்துகிறது. ஒரு நகர்வு 15.625 மில்லிசெக்கன். 589 நகர்வு 9.203, 590 நகர்வு 9.219, 591 நகர்வு 9.234, 592 நகர்வு 9.250. உங்கள் எண்கள் நான்கும் அப்படியே பொருந்துகின்றன. அதாவது, உங்கள் பிரதியை மாற்றியமைத்தவர் மூன்று தசமத்தைக் காட்டும்படி திரையை மாற்றினாரே ஒழிய, நேரத்தைக் கேட்கும் இடத்தை மாற்றவில்லை. டோக்கியோ பல்கலைக்கழகத்தில் யசுமாசா கனடா என்ற பேராசிரியரின் ஆய்வுகூடத்திலிருந்து 1995 இல் வந்த மென்பொருள் அது. அன்றைய வீட்டுக் கணினிகள் இந்தக் கணக்குக்கு நிமிடங்களை எடுத்துக்கொண்ட காரணத்தால் முழுச் செக்கன் போதுமானதாக இருந்தது. இன்று ஒன்பது செக்கனில் முடியும் வேலைக்கு மூன்றாவது தசமம் வேண்டும் என்றால், அதைத் தரக்கூடிய கடிகாரத்தையும் சேர்த்தே மாற்ற வேண்டும்.

எச்பெட் என்பது செயலிக்கு வெளியே, மதர்போர்ட்டின் சிப்செட்டில் இருக்கும் எண்ணி. அது பேஸ் க்ளொக்கைப் பின்பற்றுவதில்லை. விண்டோஸின் தொடக்க அமைப்புகளை மாற்றும் பிசிடிஎடிட் கட்டளையில் யூஸ்பிளட்போர்ம்க்ளொக் என்ற அமைப்பை இயக்கி மீளத் தொடக்கினால், விண்டோஸின் நுண்நேர எண்ணி அதிலிருந்து எண்ணத் தொடங்கும். ஆனால் அந்த நுண்நேர எண்ணியைக் கேட்கும் மென்பொருளுக்குத்தான் இதனால் பயன். உங்கள் பிரதி 64 பங்கு மணியைக் கேட்கிறது. எச்பெட்டை இயக்கினாலும் அதன் வழு அப்படியே இருக்கும். பலர் இந்த இடத்தில்தான் ஏமாறுகிறார்கள். எச்பெட்டை வாசிப்பதற்கு நேரமுத்திரை எண்ணியை வாசிப்பதைவிடப் பலமடங்கு நேரம் செல்லும் என்பதையும் நினைவிற் கொள்ளுங்கள். அளவீட்டுக்கு அது நல்லது, அன்றாடப் பாவனைக்கு அதை அணைத்து வைப்பதே சிறந்தது.

எந்தக் கடிகாரம் ஓடுகிறது என்பதை நுண்நேர எண்ணியின் மீடிறனைக் கேட்டு அறியலாம். 14.31818 மெகாஹேர்ட்ஸ் என்றால் எச்பெட். 3.579545 என்றால் பழைய மின்முகாமை எண்ணி. இது முன்னையதன் சரியான காற்பங்கு, அமெரிக்க வண்ணத் தொலைக்காட்சியின் துணைக்காவி மீடிறனும் அதுவே. பால் (PAL) என்ற வேறு ஒளிபரப்பு முறையில் படம் பார்த்து வளர்ந்த எங்கள் வீட்டுக் கணினிகளிலும் அந்த எண் 1981 ஆம் ஆண்டின் ஐபிஎம் கணினி வழியாக வந்து தங்கியிருப்பதை நான் எப்போதும் வியப்போடு பார்ப்பேன். உங்கள் செயலியில் 3.41 க்கு அண்மையில் வந்தால், 3.5 கிகாஹேர்ட்ஸை 1024 ஆல் வகுத்த எண் அது; நேரமுத்திரை எண்ணிதான் ஓடுகிறது என்று பொருள்.

இன்னொரு வகை மாற்றத்தையும் எச்சரிக்கிறேன். சிலர் நேரமுத்திரை எண்ணியை நேரடியாக வாசித்து, அப்போதைய கருவேகத்தால் வகுத்துச் செக்கனாக்குகிறார்கள். 2008 இல் வந்த நெஹலம் தலைமுறையிலிருந்து இன்டெல் செயலிகளில் அந்த எண்ணி கருவேகத்தோடு கூடுவதில்லை. பெருக்கியை 44 ஆக்கினாலும் உங்கள் செயலியில் அது 3.5 கிகாஹேர்ட்ஸிலேயே எண்ணும். அதை 4.4 ஆல் வகுத்தால் பத்துச் செக்கன் வேலை எட்டுச் செக்கனுக்கும் குறைவாகத் தெரியும். இந்த வழு பயோஸில் வைத்தாலும் நீங்காது. முடிவோடு அச்சாகும் சரிபார்ப்புக் குறியும் இதைக் காட்டிக்கொடுக்காது. முடிவை எவரும் பின்னர் திருத்தவில்லை என்பதை மட்டுமே அது சொல்லும், கடிகாரம் சரியாக ஓடியதா என்பதை அது அறியாது. ஆகவே மூலநிரல் காட்டப்படாத எந்தப் பிரதியையும் போட்டிக்குப் பயன்படுத்துவதை நான் ஏற்கவில்லை.

நெடுங்கேணி_இலத்திரனியல் எழுதியது:

நிரலர் சொன்னதோடு முழுமையாக உடன்படுகிறேன். அட்டவணையைப் பொறுத்தவரை, பயோஸில் வைத்துத் தொடக்கி, விண்டோஸுக்குள் பேஸ் க்ளொக்கைத் தொடாமல் பெற்ற முடிவுகளை வைத்துக்கொள்ளுங்கள். மற்றவற்றை மறுபடி ஓட்டுங்கள். பெருக்கியை மட்டும் விண்டோஸுக்குள் மாற்றியவை உங்கள் பிரதியில் பாதிக்கப்படவில்லை, அவற்றை அழிக்க வேண்டாம். 16 மில்லிசெக்கனுக்குள் நிற்கும் இரண்டு கணினிகளைச் சமம் என்றே எழுதுங்கள். பல கடிகாரங்களை ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் பிசகைக் கண்டறியும் பெஞ்ச்மேற் என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. புதிய சுற்றை அதனூடாக ஓட்டுவது நல்லது.

அறிவியல்நகர்_மாணவன் எழுதியது:

அப்படியே செய்கிறோம் அண்ணா. வவுனியா நண்பர் தன் பதிவைத் தானே நீக்கிவிட்டு, பயோஸில் 100 வைத்து ஓட்டிய புதிய முடிவைப் பதிந்திருக்கிறார்: 9.203. என்னுடைய 9.219 அதிலிருந்து ஒரு நகர்வு மட்டுமே விலகியிருப்பதால், இருவரையும் ஒரே நிரையில் எழுதியிருக்கிறோம்.