கருத்தரங்கு வகுப்பில் சக மாணவர் சொன்ன கருத்தை என் ஆய்வுக் கட்டுரையில் பயன்படுத்தலாமா?

கேள்வி

வணக்கம். இந்தப் பருவத்தில்தான் முதன்முறையாக முதுநிலைக் கருத்தரங்கு வகுப்பொன்றில் சேர்ந்திருக்கிறேன். இளநிலையில் ஆசிரியர் விரிவுரை ஆற்ற, நாங்கள் குறிப்பெடுத்துத் தேர்வு எழுதினோம். இங்கே தேர்வு கிடையாது. வாரந்தோறும் படித்த நூற்பகுதி பற்றி ஓர் எதிர்வினைக் குறிப்பும், பருவ முடிவில் ஓர் ஆய்வுக் கட்டுரையும் எழுதித் தர வேண்டும். விவாதத்தில் பங்கெடுப்பதற்கும் மதிப்பெண் உண்டு. பிறருடைய எழுத்தையோ கருத்தையோ தம்முடையதாகக் காட்டினால் பாடத்திலேயே தோல்வி என்று பாடத்திட்டத்தில் எழுதியிருக்கிறார்கள். எது பிறருடைய கருத்து என்பதில்தான் எனக்கு ஐயம். நாங்கள் படித்த நூலின் ஆசிரியர் கடைசியில் நிறுவுவதாகச் சொல்லும் முடிவை முதல் இயலிலேயே எடுகோளாக வைத்துக்கொள்கிறார் என்று சக மாணவர் ஒருவர் வகுப்பில் சுட்டிக்காட்டினார். என் கட்டுரையை அதன்மேல் எழுப்ப விரும்புகிறேன். அச்சில் இல்லாத அதற்கு எப்படிச் சான்று காட்டுவது? சென்ற பருவத்தில் வேறொரு பாடத்துக்கு நான் எழுதிய கட்டுரையின் சில பக்கங்களை இதில் சேர்த்துக்கொள்ளலாமா? அது என் சொந்த எழுத்துதானே?

முதல் மறுமொழி

கருத்தரங்கு வகுப்புகளை நடத்துபவன் என்ற முறையில் பதில் எழுதுகிறேன். வகுப்பில் பேசப்பட்டது அனைவருக்கும் பொது என்று பலர் எண்ணுகிறார்கள். அந்த எண்ணம் தவறானது. அச்சேறாத கருத்துக்கும் உரியவர் இருக்கிறார். முதலில் அந்த மாணவரிடம் பேசுங்கள், ஏனெனில் அவரே அதை மையமாக வைத்துத் தம் கட்டுரையை எழுதிக்கொண்டிருக்கலாம். அவர் இசைந்தால், அவர் பெயரையும், எந்த வகுப்பில் எந்த நாளில் சொன்னார் என்பதையும் அடிக்குறிப்பில் எழுதுங்கள். அமெரிக்க உளவியல் சங்கம் வகுத்த ஏபிஏ என்னும் சான்று காட்டும் முறையைப் பின்பற்றுவோர் இத்தகைய உரையாடலைத் தனிப்பட்ட தொடர்பு என்று கட்டுரையின் உடற்பகுதியில் மட்டும் குறிப்பார்கள். வாசகர் தேடி எடுக்கக்கூடிய ஆவணம் அன்று என்பதால் துணைநூற்பட்டியலில் சேர்ப்பதில்லை. இப்படி எழுதுவதால் உங்கள் கட்டுரையின் மதிப்புக் குறையுமோ என்று அஞ்ச வேண்டாம். அவர் சுட்டிய இடத்திலிருந்து நீங்கள் எவ்வளவு தூரம் சென்றீர்கள் என்பது அந்த அடிக்குறிப்பினால்தான் எங்களுக்குத் தெரியவரும்.

பழைய கட்டுரையைப் பொறுத்தவரை, ஒரே உழைப்புக்கு இரண்டு பாடங்களில் மதிப்பெண் பெறுவதைப் பெரும்பாலான பல்கலைக்கழகங்கள் விதிமீறலாகவே கருதுகின்றன. எழுதத் தொடங்கும் முன்பே இரண்டு ஆசிரியர்களிடமும் எழுத்து மூலம் அனுமதி கேளுங்கள். பழைய கேள்வியைப் புதிய சான்றுகளோடு தொடர்வதைப் பெரும்பாலும் யாரும் மறுப்பதில்லை.

இரண்டாம் மறுமொழி

முனைவர் பட்ட ஆய்வு மாணவி நான். மேலே ஐயா சொன்னவற்றோடு ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன்: பெரும்பாலான தவறுகள் கட்டுரை எழுதும் மேசையில் தொடங்குவதில்லை, அதற்குச் சில மாதங்களுக்கு முன்பு குறிப்பெடுக்கும்போதே தொடங்கிவிடுகின்றன. நூலிலிருந்து அப்படியே எடுத்த வரி, நம் சொற்களில் சுருக்கிய வரி, நமக்கே தோன்றிய எண்ணம் ஆகிய மூன்றும் ஒரே கோப்பில் அடையாளமின்றிக் கலந்துவிட்டால், பருவ முடிவில் எது யாருடையது என்று எழுதியவருக்கே தெரியாது. ஜெர்மனியின் பாதுகாப்பு அமைச்சராக இருந்த குட்டன்பெர்க்கின் முனைவர் பட்டத்தைப் பாய்ராய்ட் பல்கலைக்கழகம் 2011இல் திரும்பப் பெற்றபோது, ஆதாரங்களைக் கையாண்டதில் ஒழுங்கு தவறிவிட்டதாகவே அவர் விளக்கம் அளித்தார். ஆனால் பல்கலைக்கழகக் குழு விசாரித்து, அது வேண்டுமென்றே செய்யப்பட்ட ஏமாற்று என்ற முடிவுக்கு வந்தது. அவர் பதவியும் இழந்தார். குறிப்புகள் குழம்பிவிட்டன என்பதை யாரும் சமாதானமாக ஏற்பதில்லை. ஆகவே எடுத்த வரிக்கு அந்தக் கணமே மேற்கோள்குறியும் பக்க எண்ணும் இடுங்கள். சுருக்கி எழுதும்போது நூலை மூடிவிட்டு எழுதுங்கள். திறந்து வைத்துக்கொண்டு சொற்களை மட்டும் மாற்றினால் வாக்கிய அமைப்பு மூல ஆசிரியருடையதாகவே நின்றுவிடும், அடிக்குறிப்பு இட்டாலும் அது குறையே.

கேள்வி கேட்டவர்

இருவருக்கும் மிக்க நன்றி. எங்கள் கட்டுரைகளை ஒப்புமை கண்டறியும் மென்பொருளில் சோதிப்பார்களாம். விழுக்காடு குறைவாக இருந்தால் கவலையில்லை என்று நண்பர்கள் சொல்கிறார்கள். வாரக் குறிப்புக்குச் செயற்கை நுண்ணறிவிடம் சுருக்கம் கேட்பதும் தவறாகுமா?

மூன்றாம் மறுமொழி

அந்த விழுக்காட்டை நம்பி இருக்காதீர்கள். சொற்கள் எங்கே ஒத்திருக்கின்றன என்பதை மட்டுமே மென்பொருள் காட்டுகிறது. முறையாக மேற்கோள் காட்டிய பகுதியும் துணைநூற்பட்டியலும் எண்ணிக்கையை உயர்த்தக்கூடும். ஒருவருடைய வாதத்தை முழுவதுமாக எடுத்து வேறு சொற்களில் எழுதிய கட்டுரை மிகக் குறைந்த எண்ணிக்கையோடு தப்பிவிடக்கூடும். அதைப் பிடிப்பவர் அத்துறையைப் படித்த ஆசிரியர்தான்.

செயற்கை நுண்ணறிவைப் பற்றி உங்கள் பாடத்திட்டம் என்ன சொல்கிறதோ அதுவே விதி. எதுவும் சொல்லவில்லை என்றால் அனுமதி உண்டு என்று பொருள் கொள்ளாமல் கேட்டுவிடுங்கள். சாட்ஜிபிடி போன்ற கருவிகள் இல்லாத நூல்களையும் கட்டுரைகளையும் உண்மையானவை போலவே தந்துவிடுவதுண்டு. நீங்கள் கையில் எடுத்துப் படிக்காத எதையும் பட்டியலில் சேர்க்காதீர்கள். எழுதுபவருக்குரிய பொறுப்பை இக்கருவிகளால் ஏற்க முடியாது என்பதால் அவற்றை ஆசிரியராகக் குறிப்பிடக் கூடாது என்று பதிப்பு நெறிகளுக்கான கோப் அமைப்பு 2023இல் அறிவித்தது. உங்கள் குறிப்புக்கும் அது பொருந்தும் என்றே நான் கருதுகிறேன். ஒரு சிறிய குழுவில் ஒருவர் படிக்காமல் சுருக்கத்தோடு வந்தால் அன்றைய விவாதம் மற்ற எல்லோருக்கும் மெலிந்துபோகிறது. அந்த நூற்பகுதியில் உங்களுக்குப் புரியாமல் போன ஓர் இடத்தை எடுத்துக்கொண்டு, ஏன் புரியவில்லை என்று எழுதிக் கொண்டுபோங்கள். எதிர்வினைக் குறிப்பில் ஆசிரியர்கள் எதிர்பார்ப்பது பெரும்பாலும் அதைத்தான்.