இண்டோர் யூனிட்டில் தண்ணீர் சொட்டுகிறது, குளிரும் குறைகிறது: கேஸ் ஏற்றித்தான் ஆகணுமா?

கேள்வி:

1.5 டன் இன்வெர்ட்டர் ஸ்பிளிட் ஏசி, ஆர்32 கேஸ், நான்கு வருடப் பழசு. போட்ட முதல் ஒரு மணி நேரம் நன்றாகக் குளிர்கிறது. பிறகு காற்று மெல்ல மெல்ல ஒடுங்கி, இண்டோரின் முன்பக்கத்திலிருந்து தண்ணீர் சொட்டுகிறது. அணைத்துவிட்டு ஒரு மணி நேரம் கழித்துப் போட்டால் மறுபடியும் நன்றாக ஓடுகிறது. ஃபில்டரைத் தவறாமல் கழுவுகிறேன். பார்க்க வந்த மெக்கானிக் கேஜ் (கேஸ் அழுத்தம் காட்டும் மீட்டர்) மாட்டாமலே "கேஸ் குறைஞ்சிருக்கு, ஏத்தணும்" என்கிறார். அவர் சொல்வது சரியா என்று வீட்டிலேயே பார்க்க வழி உண்டா?

பதில் 1:

உண்டு. காற்று ஒடுங்குவதும், அணைத்து வைத்தால் சரியாவதும் கூலிங் காயிலில் (இண்டோருக்குள் கேஸ் ஓடும் வளைந்த குழாய்களும் தகடுகளும்) ஐஸ் கட்டுவதற்கான அடையாளம். ஐஸ் இரண்டு காரணத்தால் கட்டும். கேஸ் குறைந்தால் காயிலுக்குள் அழுத்தம் இறங்கி, குழாய் 0 டிகிரிக்குக் கீழே போய்விடும். கேஸ் சரியாக இருந்தும் காயில் வழியாகப் போதுமான காற்று போகாவிட்டால், அறையின் சூடு காயிலுக்கு வந்து சேராமல் அதே கதிதான்.

எது என்று ஐஸ் படிந்திருக்கும் இடமே சொல்லிவிடும். காற்று ஒடுங்கிய நேரத்தில் முன்மூடியைத் திறந்து, ஃபில்டரை எடுத்துவிட்டு டார்ச் அடித்துப் பாருங்கள். காயில் முழுக்கப் போர்வை போர்த்தியது போல வெள்ளையாக இருந்தால் காற்றோட்டக் கோளாறு. கேஸ் நுழையும் பக்கத்தில் நாலைந்து வளைவுகளில் மட்டும் ஐஸ், மீதிக் காயில் ஈரமே இல்லாமல் வெதுவெதுப்பு என்றால் கேஸ் குறைவு. அவுட்டோரில் இரண்டு செம்புக் குழாய் வந்து சேரும் இடத்தையும் பாருங்கள். சரியான கேஸில் தடித்த குழாய் சில்லென்று வியர்த்திருக்கும். அது காய்ந்து கிடந்து, மெல்லிய குழாயின் நட்டில் மட்டும் வெள்ளை படிந்திருந்தால் கேஸ் கசிந்திருக்கிறது.

முதல் ஒரு மணி நேரம் நன்றாகக் குளிர்கிறது என்கிறீர்கள். கேஸ் குறைந்த ஏசி பெரும்பாலும் போட்ட நேரத்திலிருந்தே மந்தமாகத்தான் இருக்கும். அதனால் என் சந்தேகம் ப்ளோவர் மேல், அதாவது இண்டோருக்குள் காற்றைத் தள்ளும் உருளை விசிறி மேல். ஃபில்டரைத் தாண்டும் மெல்லிய தூசி ஈரத்தோடு சேர்ந்து ப்ளோவர் இதழ்களின் குழிவில் அப்பிக்கொள்ளும். குழிவு நிரம்பினால் ப்ளோவர் சுற்றும், ஆனால் காற்றை அள்ளாது. காற்று வெளிவரும் வாய்க்குள் டார்ச் அடித்தால் இதழ் ஓரங்களில் கறுப்பாக மெத்தை மாதிரி தெரியும்.

பதில் 2:

தண்ணீரைத் தனியாகவும் சோதிக்கணும். ஐஸ் உருகும்போது டிரேக்கு (காயிலுக்கு அடியில் தண்ணீர் பிடிக்கும் தட்டு) வெளியே சொட்டுவது ஒன்று, அந்தத் தண்ணீரை வெளியேற்றும் டிரெயின் பைப்பில் அடைப்பு இன்னொன்று. ஐஸ் இல்லாத நேரத்தில் டிரேயில் ஒரு லிட்டர் தண்ணீரை மெதுவாக ஊற்றுங்கள். வெளிமுனையில் உடனே ஒழுகி, டிரேயில் தேங்காமல் இருந்தால் வழி சுத்தம். தேங்கினால் உள்ளே வழுவழுப்பான பாசி அடைத்திருக்கும். வெளிமுனையில் வெட் வேக்குவம் கிளீனர் வைத்து 2 நிமிடம் உறிஞ்சினால் வந்துவிடும். வெளியிலிருந்து உள்ளே ஊதாதீர்கள், சகதி முழுக்க டிரேக்கு ஏறிவிடும். பைப் ஒரு மீட்டருக்கு 1 செ.மீ. ஆவது சரிந்திருக்கணும். நடுவில் ஒரு இடம் மேடாக இருந்தாலும், முனை வாளித் தண்ணீரில் மூழ்கியிருந்தாலும் அடைப்பே இல்லாமல் தண்ணீர் திரும்பும்.

கேட்டவர்:

பார்த்துவிட்டேன். காயில் முழுக்க ஐஸ், ப்ளோவரில் கறுப்பு மெத்தை. டிரெயின் சுத்தமாக இருக்கிறது. ப்ளோவரைக் கழற்றாமல் கழுவ முடியுமா?

பதில் 1:

முடியும், அவசரப்படாமல் செய்தால். ஐஸ் தானாக உருகட்டும், கத்தியால் சுரண்டினால் காயில் ஓட்டையாகிவிடும். எம்சிபியை (ஏசிக்கு மின்சாரம் போகும் பாதுகாப்பு சுவிட்ச்) இறக்கி 10 நிமிடம் காத்திருங்கள். சர்க்யூட் போர்டும் ப்ளோவர் மோட்டாரும் உள்ள பக்கத்தைப் பாலித்தீன் சுற்றி டேப் ஒட்டுங்கள். யூனிட்டுக்கு அடியில் சர்வீஸ் பையைக் கட்டி, அதன் குழாயை வாளியில் விடுங்கள். ஒரு லிட்டர் தண்ணீரில் சில சொட்டு பாத்திரம் கழுவும் திரவம் கலந்து ப்ளோவரில் தெளித்து 10 நிமிடம் ஊறவிடுங்கள். பிறகு விரலால் ப்ளோவரை ஒவ்வொரு இதழாகத் திருப்பி, பழைய டூத்பிரஷ்ஷால் குழிவின் உள்பக்கம் தேயுங்கள். ஒரு இதழ் உடைந்தாலும் சமநிலை போய் அதிரும். சில ப்ளோவரில் சமநிலைக்காகச் சின்ன கிளிப் மாட்டியிருக்கும், அதை எடுக்காதீர்கள். கை ஸ்பிரேயரால் வடிவது தெளிவாகும்வரை அலசுங்கள். காயிலை மேலிருந்து கீழாக, தகடுகளின் போக்கிலேயே மென்மையான பிரஷ்ஷால் தள்ளினால் போதும். ஆசிட் கலந்த கிளீனர் வேண்டவே வேண்டாம், அலுமினியத் தகட்டை அரித்துவிடும்.

நன்றாகக் காய்ந்த பிறகு அரை மணி நேரம் ஃபேன் மோடில் ஓட்டி, அப்புறம் கூலில் போடுங்கள். 15 நிமிடம் கழித்து உள்ளே இழுக்கும் காற்றையும் வெளிவரும் காற்றையும் தெர்மாமீட்டரில் அளந்தால் வித்தியாசம் 8 முதல் 12 டிகிரி இருக்கணும்.

பதில் 3:

கழுவிய பிறகும் குளிர் வரவில்லை, ஐஸ் நாலைந்து வளைவில் மட்டும் என்றால்தான் கேஸ் பக்கம் போகணும். கேஸ் பெட்ரோல் மாதிரி தீர்ந்துபோகும் பொருள் இல்லை. குறைந்தால் எங்கோ கசிகிறது. முதலில் ஃபிளேர் நட்டுகளில் (செம்புக் குழாய்களை இணைக்கும் நட்டுகள்) சோப்பு நுரை வைத்துப் பார்த்து, கசிவை அடைத்து, நைட்ரஜன் அழுத்தத்தில் சோதித்து, வேக்குவம் பம்பால் 500 மைக்ரானுக்கு (வெற்றிட அழுத்தத்தை அளக்கும் அலகு) கீழே இறக்கிவிட்டுத்தான் ஏற்றணும். இன்வெர்ட்டரில் கம்ப்ரசர் வேகம் மாறிக்கொண்டே இருப்பதால் கேஜ் அளவை மட்டும் நம்பி ஏற்றுவது தவறு. அவுட்டோரில் ஒட்டியுள்ள பெயர்ப்பலகையில் எத்தனை கிராம் என்று எழுதியிருக்கும், தராசில் வைத்து அந்த எடையைத்தான் ஏற்றணும். ஆர்32 தீப்பிடிக்கக்கூடிய கேஸ். கேஸ் உள்ளே இருக்கும்போது குழாயில் பற்றவைப்புச் சுடரைக் காட்ட விடாதீர்கள்.