சம்பளத்தில் பாதி யாருக்கு? தராசு ஐயாவுக்கு ஒரு பதில்

வாவிக்கரை:
இந்த இணையக் களத்தில் சீதன வீடு பற்றிய உரையாடல் இழையில் தராசு ஐயா போகிற போக்கில் ஒன்றைச் சொல்லிவிட்டுப் போனார்: "தகப்பன் உழைத்துக் கொண்டுவந்து போட்டால் அவன் கடமை முடிந்தது. பிள்ளை வளர்ப்பது தாயின் இயல்பு. பெரிய தத்துவ அறிஞர்கள் எல்லாம் சொன்னது இதைத்தான்." எந்த அறிஞர்கள் என்று ஒருவர் கேட்டார். "படித்துப் பாருங்கள்" என்பது ஐயாவின் பதில்.

படித்துத்தான் பார்த்தேன். சூசன் மோலர் ஓக்கின் என்று ஒருவர் இருந்தார். நியூசிலாந்தில் பிறந்து அமெரிக்காவில் அரசியல் தத்துவம் கற்பித்தவர், 2004 இல் காலமானார். குடும்பத்துக்குள் நீதி என்பதையே பொருளாக வைத்து 1989 இல் ஒரு நூல் எழுதினார். அமெரிக்கத் தத்துவ அறிஞர் ஜோன் ரோல்ஸ் 1971 இல் நீதியைப் பற்றி அவ்வளவு பெரிய நூல் எழுதியும், வீட்டுக் கதவைத் திறந்து உள்ளே பார்க்கவில்லையே என்பது அவருடைய குறை. பிள்ளை நியாயம் பழகுகிற முதல் இடம் வீடு. அங்கே ஒருவர் ஏவ, ஒருவர் பணிவிடை செய்வதைப் பார்த்து வளர்கிற பிள்ளை வெளியே வந்து யாரைச் சமமாக மதிக்கும்? ஆகவே பிள்ளை வளர்ப்பைத் தாயும் தந்தையும் சரிசமமாகப் பகிர வேண்டும் என்றார். பகிராமல் ஒருவர் உழைத்து ஒருவர் வீட்டில் இருக்கும் குடும்பமா? அங்கே வேலை கொடுப்பவரே சம்பளத்தை இரண்டாகப் பிரித்து, பாதியை வீட்டில் இருப்பவரின் பெயருக்குக் கொடுக்கட்டும் என்றும் எழுதினார்.

ஐயாவின் "எல்லா அறிஞர்களிலும்" இவர் சேர்த்தியா?

தராசு:
தம்பி ஒரு புத்தகம் படித்துவிட்டார், மட்டக்களப்பு முழுவதும் அறிய வேண்டும். நல்லது.

நான் மனதில் வைத்துச் சொன்னது பதினெட்டாம் நூற்றாண்டுத் தத்துவ அறிஞர் ரூசோவை. அதை விடுங்கள். சம்பளத்தை முதலாளி பாதியாக வெட்டுவதா? நான் அரச உத்தியோகம் பார்த்தவன். சம்பள நாளில் உறையைப் பிரிக்காமல் மனைவியின் கையில் கொடுத்தவன். பாதி இல்லை, முழுவதும். அதற்குச் சட்டமும் காசோலையும் எதற்கு? கணவனை நம்பாத ஊரில் இருந்து எழுதியதை, நம்பி வாழ்கிற ஊருக்குக் கொண்டுவராதீர்கள்.

கல்முனை ரீச்சர்:
"கொடுத்தவன்" என்று நீங்கள் நெஞ்சை நிமிர்த்துவதே, அது உங்கள் பணம் என்ற எண்ணத்தில்தானே ஐயா? ஓக்கின் கேட்டது அந்தப் பணம் தொடக்கத்திலேயே யாருடையது என்று. மனம் வந்தால் கொடுப்பதும், உரிமையாகக் கிடைப்பதும் ஒன்றா?

அது போகட்டும். முழுச் சம்பளமும் கொடுத்த நீங்கள், பிள்ளையின் மூத்திரத் துணியை ஒரு நாளாவது கழுவியிருக்கிறீர்களா?

தராசு:
ரீச்சர், கேள்வியை மாற்றாதீர்கள். பேச்சு சம்பளத்தைப் பற்றியது.

படுவான்கரைப் பிள்ளை:
இங்கே எழுதுகிற எல்லோருக்கும் மாதச் சம்பளம் வரும் போலிருக்கிறது, வாழ்க. எங்கள் பக்கம் வேளாண்மை வெட்டி, நெல் விற்றால்தான் பணம். வெள்ளம் கொண்டுபோனால் கடன். அந்தக் கடனை இரண்டாகப் பிரித்துக் கொடுக்க எந்த முதலாளி வருவார்? வயல் சொந்தக்காரரான போடியாரிடம் போய், "என் கூலியில் பாதியை என் மனைவியிடம் கொடுங்கள்" என்று சொல்லிப் பாருங்கள். அடுத்த போகத்துக்கு வேறு ஆள் பிடித்துவிடுவார்.

நிந்தவூரான்:
வெளிநாட்டு அம்மையாருக்கு நமது ஊர் தெரியாது, அதுதான் சிக்கல். இங்கே கலியாணம் முடித்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் போகிறார். வீடு மனைவியுடையது, வளவு மனைவியுடையது, பக்கத்து வீடு மனைவியின் தங்கையுடையது. சம்பளத்தில் பாதியையும் எழுதிக் கொடுத்தால் எங்களுக்கு மிஞ்சுவது சைக்கிள் ஒன்றுதான்.

வாவிக்கரை:
அந்த வீடு எப்படி வந்தது, நிந்தவூர் நானா? மனைவியின் வாப்பா வாழ்நாள் முழுவதும் உழைத்துக் கட்டியது. இப்போது நீங்கள் உங்கள் மகளுக்குக் கட்டிக்கொண்டிருப்பீர்கள். தகப்பனைக் கல்லும் சீமெந்தும் சுமக்கிறவனாக மட்டும் வைத்திருப்பது இந்த முறைதான். மகளுக்கு வீடு இருக்கும்; வாப்பாவோடு உட்கார்ந்து பேசிய ஞாபகம் இருக்காது.

தராசு:
அதுதான் தம்பி வளர்ப்பு! மகளுக்கு வீடு கட்டுவதைவிடப் பெரிய வளர்ப்பு என்ன இருக்கிறது? தொட்டில் ஆட்டுவதா? தொட்டிலை ஆட்டப் பெரியம்மா இருக்கிறார், சின்னம்மா இருக்கிறார், அம்மம்மா இருக்கிறார். வேலி தாண்டினால் நான்கு கை. பகிர்ந்து வளர்ப்பது நமக்குப் புதிதா? நாங்கள் எப்போதோ பகிர்ந்துவிட்டோம், தகப்பனைத் தவிர மற்ற எல்லோரோடும்.

சம்பளத்தை வெட்டும் கதைக்கு இன்னும் ஒருவரும் பதில் சொல்லவில்லை.

கல்முனை ரீச்சர்:
"தகப்பனைத் தவிர மற்ற எல்லோரோடும்." இதை நான் சொல்லியிருந்தால் சண்டைக்கு வந்திருப்பீர்கள்.

வாவிக்கரை:
ரூசோவை "அதை விடுங்கள்" என்று நழுவ விட முடியாது. 1762 இல் வெளிவந்த கல்வி நூலில் அவர் எழுதியது இதுதான்: தந்தையின் கடமையைச் செய்ய முடியாதவனுக்குத் தந்தையாகும் உரிமை இல்லை, வறுமையோ வேலையோ ஊர்ப் பேச்சோ அவனுக்குச் சாக்கு ஆகாது, பிள்ளைக்கு உணவளித்துத் தானே வளர்க்க வேண்டும். வேலை சாக்கு ஆகாது என்கிறார், ஐயா. உங்கள் ரூசோ! அப்படி எழுதியவர் தெரேஸ் லெவசேருக்கும் தனக்கும் பிறந்த ஐந்து பிள்ளைகளையும் பாரிஸின் அநாதை இல்லத்தில் விட்டவர். அந்த இல்லத்துக்குப் போன குழந்தைகளில் பெரும்பாலானவை முதல் ஆண்டையே தாண்டவில்லை. 1764 இல் பிரெஞ்சு எழுத்தாளர் வோல்தேர் பெயர் போடாமல் ஒரு துண்டு நூல் எழுதி இதை அம்பலப்படுத்தினார்.

தராசு:
ஐந்து பிள்ளை, ஐந்து பிள்ளை! ரூசோவின் பெயரை எடுத்தால் அரைகுறையாகப் படித்த எல்லோருக்கும் வாயில் வருவது இந்த ஐந்து பிள்ளைதான். எழுதியவன் வீட்டில் என்ன செய்தான் என்பது எழுத்துக்கு அளவுகோலா? அதே நூலின் ஐந்தாம் பாகத்தை வாசித்தீர்களா? பெண்ணின் கல்வி ஆணைச் சார்ந்து அமைய வேண்டும் என்று பச்சையாக எழுதியிருக்கிறார். அதைத் தம்பி மறைத்துவிட்டார்.

சொல்ல வேண்டாம் என்றுதான் இருந்தேன். கல்லடிப் புதிய பாலம் 2010 இல் திறந்தது என்று இதே களத்தில் ஒரு கிழமை வாதாடியவர் இந்தத் தம்பி. திறந்தது 2013 இல். ஊர்ப் பாலத்தின் ஆண்டு தெரியாதவர் பாரிஸ் அநாதை இல்லத்தின் கணக்கை எழுதுகிறார்.

வாவிக்கரை:
பாலத்துக்கும் ரூசோவுக்கும் என்ன தொடர்பு? ஐந்தாம் பாகத்தை வைத்துத்தான் ஓக்கின் 1979 இலேயே ரூசோவைக் கிழித்து எழுதினார். மனிதர் எல்லோரும் சுதந்திரமானவர்கள் என்றவர், பெண்ணிடம் வந்ததும் பேச்சை மாற்றிக்கொண்டதை அவர் விடவில்லை. நீங்கள் கொண்டாடுகிற பாகம் அவர் தூக்கி எறிந்த பாகம்.

படுவான்கரைப் பிள்ளை:
நானாவிடம் ஒரு கேள்வி. மாப்பிள்ளை பெண் வீட்டுக்குப் போவதும், தாயின் வழியாகக் குலம் எண்ணும் தாய்வழிக் குடியும் எங்கள் முறை. உங்களுக்கு அது எங்கிருந்து வந்தது?

நிந்தவூரான்:
உங்களுக்கு எங்கிருந்து வந்ததோ அங்கிருந்துதான் தம்பி. மானிடவியலாளர் டெனிஸ் மெக்கில்வ்ரே அக்கரைப்பற்றில் பல காலம் ஆய்வு செய்து 2008 இல் நூலாக்கினார். தமிழருக்கும் முஸ்லிம்களுக்கும் தாய்வழிக் குடிகள் இருப்பதைத்தான் அதில் எழுதியிருக்கிறார். உங்களுக்குக் கோயிலில் குடி, எங்களுக்குப் பள்ளிவாசலில் குடி. "எங்கள் முறை" என்று வேலி போடுவதற்கு முன் கொஞ்சம் வாசியுங்கள்.

படுவான்கரைப் பிள்ளை:
இரண்டு பேரிடமும் இருக்கிறது என்றால் இரண்டு பேரிடமும் ஒரே நேரத்தில் வந்தது என்று ஆகாது. யார் முதலில் என்பதற்குப் பதில் வரவில்லை.

தராசு:
குடிச் சண்டைக்கு வேறு இழை திறவுங்கள். இங்கே சம்பளம்.

கல்முனை ரீச்சர்:
சரி, சம்பளத்துக்கே வருகிறேன். நமது மாவட்டங்களில் இருந்து குவைத்துக்கும் சவூதிக்கும் வீட்டுப் பணிப்பெண்களாகப் போன தாய்மார் எத்தனை பேர்! அங்கே உழைப்பவர் தாய், வீட்டில் இருப்பவர் தகப்பன். ஓக்கின் கணக்கில் பாதி தகப்பனுக்கு. அவர் சட்டம் பெண்ணுக்கு என்று எழுதவில்லை, வீட்டில் இருந்து பார்ப்பவருக்கு என்றுதான் எழுதினார். தகப்பன் பார்க்கிறாரா?

இலங்கை அரசாங்கத்துக்கும் தகப்பன் பார்ப்பார் என்ற நம்பிக்கை இல்லை. 2013 இல் குடும்பப் பின்னணி அறிக்கை என்று ஒன்றைக் கொண்டுவந்தார்கள். ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளை இருந்தால் தாய் பணிப்பெண்ணாகப் போக முடியாது. 2022 இல் அதை இரண்டு வயதாகக் குறைத்தார்கள். கட்டாருக்குப் போகிற தகப்பனிடம் "பிள்ளைக்கு எத்தனை வயது?" என்று எந்த அதிகாரி கேட்டார்? அரச ஊழியருக்குப் பிரசவ விடுமுறையைப் பாருங்கள். தாய்க்கு 84 வேலை நாள், தகப்பனுக்கு 3 நாள். தராசு ஐயாவின் தத்துவத்தை ரூசோ எழுதினாரோ இல்லையோ, நமது அரசாங்கம் எழுதி வைத்திருக்கிறது.

தராசு:
பார்த்தீர்களா, ரீச்சரே என் கட்சிக்கு வந்துவிட்டார். தாய் போனால் பிள்ளை தவிக்கும் என்று அரசாங்கத்துக்கே தெரிந்திருக்கிறது.

3 நாளை 84 ஆக்கினால் என்ன நடக்கும் என்று நான் சொல்கிறேன். ஒரு மாதம் தூக்கம், ஒரு மாதம் வாவியில் தூண்டில், மிச்சம் சந்தியில் அரசியல். ஆண்களை எனக்குத் தெரியும், நானும் ஒருவன்.

கல்முனை ரீச்சர்:
நான் உங்கள் கட்சிக்கு வரவில்லை. நீங்கள் வாசிக்கவில்லை.

படுவான்கரைப் பிள்ளை:
தாய் குவைத்தில், தகப்பன் சந்தியில், பிள்ளை அம்மம்மாவிடம். அப்படியானால் பாதிக் காசோலை அம்மம்மாவுக்கு அல்லவா வர வேண்டும்? வாவிக்கரை அண்ணன், உங்கள் ஓக்கின் அம்மம்மாவைக் கணக்கில் எடுத்தாரா?

வாவிக்கரை:
அவர் எடுத்துக்கொண்டது கணவன், மனைவி, பிள்ளை இருக்கும் வீட்டை. அதனால் அவருடைய கேள்வி பிழை என்று ஆகிவிடாது.

தராசு:
ஆகிவிடும்! நமது ஊரில் ஒரு பிள்ளையை வளர்ப்பது ஆறு பேர். ஆறாகப் பிரித்தால் பெரியம்மாவுக்கு எவ்வளவு, சின்னம்மாவுக்கு எவ்வளவு, பங்கு குறைந்தவர் பேசாமல் எத்தனை ஆண்டு இருப்பார், இதையெல்லாம் அந்த அம்மையார் எழுதினாரா? சீதன வளவில் ஒரு முழம் கூடிப்போனதற்கு அக்காவும் தங்கையும் கோயில் திருவிழாவில்கூட முகம் பார்க்காத ஊர் இது. இங்கே பிள்ளை வளர்த்ததற்குக் கூலி பிரிக்கப் போகிறார்களாம். நான் முழு உறையையும் கொடுத்தேன், மனைவி அதில் யாருக்கு எவ்வளவு என்று பார்த்துக்கொண்டார், ஒருவரும் வாய் திறக்கவில்லை.

கல்முனை ரீச்சர்:
ஒருவரும் வாய் திறக்கவில்லை என்பது உங்கள் மனைவி எழுதினால் நம்புவேன். துணி கழுவினீர்களா என்ற கேள்வி இன்னும் அப்படியே கிடக்கிறது.

நிந்தவூரான்:
எங்கள் வீட்டில் நான் கழுவியிருக்கிறேன். யாரும் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன்.

தராசு:
நானா, உங்களை யாரும் கேட்கவில்லை என்று நீங்களே எழுதிவிட்டீர்கள். ரீச்சருக்குச் சம்பளப் பேச்சு முடிந்த பிறகு பதில் சொல்வேன். நாளைக்கு ஐந்தாம் பாகத்தைப் பகுதி பகுதியாக இங்கே போடுகிறேன். வாவிக்கரை அதற்குள் பாலத்தின் ஆண்டைத் திருத்தட்டும்.

படுவான்கரைப் பிள்ளை:
பகுதி பகுதியாகவா? குடிச் சண்டைக்கு நான் வேறு இழை திறந்துவிட்டேன். நானா, அங்கே வாருங்கள்.