இருபத்து மூன்றை 203 என்று எழுதும் பிள்ளைகள்

கொழிஞ்சாம்பாறை ஆசிரியை:
அனைவருக்கும் வணக்கம். பாலக்காடு மாவட்டம் சித்தூர் வட்டத்தில் ஒரு தமிழ் வழிப் பள்ளியில் 1, 2 ஆம் வகுப்புகளை ஒரே அறையில் வைத்துக் கற்பித்து வருகிறேன். 2 ஆம் வகுப்புப் பிள்ளைகள் நூறு வரை தடையின்றிச் சொல்கிறார்கள். கரும்பலகையில் 47 என்று எழுதினால் படிக்கவும் செய்கிறார்கள். ஆனால் வாயால் சொல்லி எழுதச் சொன்னால், பலர் இருபத்து மூன்றை 203 என்றும் நாற்பத்தேழை 407 என்றும் எழுதுகிறார்கள். காலை வருகைக் கணக்கு, மதிய உணவுக்கு எத்தனை பேர் என்ற கணக்கு, பல்லாங்குழி என நாள்தோறும் எண்ண வைத்தும் இது மாறவில்லை. நூறு வரை திரும்பத் திரும்ப எழுத வைத்தால் சரியாகிவிடும் என்று பெற்றோர் சிலர் சொல்வதில் எனக்கு நம்பிக்கை இல்லை. வேறு என்ன செய்யலாம்? அந்த நேரத்தில் 1 ஆம் வகுப்புப் பிள்ளைகளுக்கு என்ன வேலை கொடுப்பது?

மீனாட்சிபுரம் ஆசிரியர்:
டீச்சர், இது கவனக்குறைவு அன்று. பிள்ளைகள் காதில் விழுவதை அப்படியே எழுதுகிறார்கள்: இருபது என்று கேட்டதும் 20, மூன்று என்று கேட்டதும் பக்கத்தில் 3. எண்ணின் பெயர் அவர்களுக்குத் தெரியும். 2 என்னும் இலக்கம் தான் நிற்கும் இடத்தால்தான் இருபதாகிறது என்பது இன்னும் பிடிபடவில்லை. நூறு வரை வரிசையாக எழுதும்போது முந்தைய எண்ணைப் பார்த்தே அடுத்ததை எழுதிவிடலாம் என்பதால், இட மதிப்பை நினைக்கும் தேவையே அங்கு எழாது. பல்லாங்குழியின் 14 குழிகளில் முத்துகளை ஒவ்வொன்றாகப் போட்டுச் செல்வது எண்ணிப் பழக மிக நல்லது என்றாலும், பத்து சேர்ந்து ஒன்றாகும் வேலை அதில் இல்லை.

தென்னை ஈர்க்குகளைச் சம நீளத்தில் நறுக்கிக் கொடுத்து, பத்து சேர்ந்ததும் ரப்பர் பேண்டு போட்டுக் கட்டச் சொல்லுங்கள். கட்டும் வேலையைப் பிள்ளைதான் செய்ய வேண்டும், நாம் கட்டிக் கொடுத்தால் அது வெறும் பொருளாகிவிடும். தரையில் சாக்கட்டியால் இரண்டு கட்டங்கள் வரைந்து, இடப்பக்கம் கட்டுகளையும் வலப்பக்கம் உதிரிகளையும் வைக்கச் செய்யுங்கள். உதிரிக் கட்டத்தில் ஒன்பதுக்கு மேல் இருக்கக் கூடாது என்பது ஒன்றே விதி.

இது பழகிய பின் அட்டைக்கு வரலாம். 10, 20 முதல் 90 வரை நீள அட்டைகளும், 1 முதல் 9 வரை அவற்றில் பாதி அகலமுள்ள அட்டைகளும் வெட்டிக்கொள்ளுங்கள். 20 அட்டையின் சுழி மீது 3 அட்டையை வைத்தால் 23 தெரியும். தூக்கினால் சுழி அடியில் இருக்கும். 203 எழுதும் பிள்ளைக்கு இதைவிட நேரான விடை எனக்குத் தெரிந்து இல்லை.

வண்டிப்பெரியாறு பெற்றோர்:
எங்கள் எஸ்டேட் பிள்ளைகள் கடைக்குப் போய்ப் பழகியவர்கள். ஈர்க்கை விடப் பத்து ரூபாய்த் தாளும் ஒரு ரூபாய் நாணயமும் எளிதாக இருக்காதா?

மீனாட்சிபுரம் ஆசிரியர்:
பிறகு எளிதாக இருக்கும், தொடக்கத்தில் அன்று. கட்டை அவிழ்த்தால் உள்ளே பத்து ஈர்க்கு இருப்பதைப் பார்க்கலாம்; தாளுக்குள் பத்து நாணயம் தெரிவதில்லை, அது பத்து என்று நம்பத்தான் வேண்டும். இரண்டு ரூபாய், ஐந்து ரூபாய் நாணயங்களும் கலந்துவிட்டால் குழப்பம் கூடும்.

மதனப்பள்ளி வாசகர்:
இரு வகுப்புகள் பற்றிய கேள்விக்கு மட்டும் என் கருத்து. எங்கள் ஊருக்கு அருகில் உள்ள ரிஷி வேலி என்னும் கல்வி நிறுவனத்தின் கிராமப் பள்ளிகளில், பாடங்களைச் சிறு அட்டைகளாகப் பிரித்து, ஏணிப்படிபோல் வரிசைப்படுத்தி, ஒவ்வொரு பிள்ளையும் தன் வேகத்தில் முன்னேறும்படி அமைத்திருக்கிறார்கள். அதைப் பின்பற்றியே சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் 2003இல் செயல்வழிக் கற்றல் தொடங்கியது. 2007இல் தமிழ்நாடு முழுவதற்கும் விரிந்தது. அட்டைகள் தேய்ந்து தொலைந்ததும், ஆசிரியர்கள் பதிவேடுகளில் மூழ்கியதும் அதன் குறைகள் என்றாலும், சில பிள்ளைகள் ஆசிரியருடனும் சிலர் தங்களுக்குள்ளும் வேலை செய்யும் ஏற்பாடு தங்கள் அறைக்குப் பொருந்தும். 1 ஆம் வகுப்பார் பத்துப் பத்தாக எண்ணிக் கட்டு கட்டட்டும். 2 ஆம் வகுப்பார் அதே கட்டுகளை வாங்கி எண் அமைக்கட்டும். கட்டில் ஒன்பதோ பதினொன்றோ இருந்தால் பெரியவர்களே பிரித்துப் பார்த்துத் திருப்பிக் கொடுப்பார்கள்.

கொழிஞ்சாம்பாறை ஆசிரியை:
மிக்க நன்றி. 30 போன்ற எண்களில் உதிரிக் கட்டம் வெறுமையாக இருக்குமே, அங்கே என்ன எழுதச் சொல்வது?

மீனாட்சிபுரம் ஆசிரியர்:
ஒவ்வொரு கட்டத்தின் கீழும் அதில் உள்ளதன் எண்ணிக்கையை எழுதச் சொல்லுங்கள். உதிரி ஒன்றும் இல்லையென்றால் 0. அதை எழுதாமல் விடும் பிள்ளையிடம், 3 மட்டும் எழுதிய அட்டையைக் கொடுத்து, அதற்குரிய ஈர்க்குகளை எடுத்து வரச் சொல்லிப் பாருங்கள். மூன்று உதிரிகளோடுதான் திரும்பி வரும்.