புதுப்பிப்பு: எட்டு மாதப் பேத்தியின் சளி

தேன்கனிக்கோட்டைக் குளிரில் சளி பிடித்த என் எட்டு மாதப் பேத்திக்குத் துளசிச் சாற்றில் தேன் கலந்து கொடுக்கலாமா என்றும், வீட்டில் மீதமிருந்த சளி மருந்தைத் தரலாமா என்றும் சென்ற வாரம் இங்கே கேட்டிருந்தேன். குழந்தை இப்போது நலமாக இருக்கிறாள். இரண்டையும் நாங்கள் கொடுக்கவில்லை.

ஒரு வயதுக்குள் தேன் கூடவே கூடாது என்று கிருஷ்ணகிரியில் பார்த்த குழந்தை மருத்துவர் உறுதியாகச் சொன்னார். அதில் இருக்கக்கூடிய கிருமியின் வித்து முதிராத குடலில் முளைத்து, தசைகளைத் தளரச் செய்யும் நஞ்சை உண்டாக்கும். சளி மருந்துகளில் வரும் குளோர்பெனிரமின், பினைல்எப்ரின் சேர்ந்த கலவையை நான்கு வயதுக்குக் கீழ் கொடுக்கக் கூடாது என்று 2023ஆம் ஆண்டிலேயே மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு அறிவித்திருக்கிறது. எங்கள் பாட்டிலில் இருந்தது அதே கலவைதான்.

காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் மட்டும் எழுதித் தந்தார். இங்கேதான் நான் பெரிதும் பயந்தேன். எட்டுக் கிலோ எடைக்கு ஒரு வேளைக்கு 100 மில்லிகிராம் என்றார். அது சொட்டு மருந்தில் 1 மில்லி, 5 மில்லிக்கு 125 மில்லிகிராம் உள்ள சிரப்பில் 4 மில்லி. சிரப்பின் அளவை நினைத்துக்கொண்டு சொட்டு மருந்தை ஊற்றியிருந்தால் நான்கு மடங்கு போயிருக்கும். பெட்டியில் உள்ள அளவுக்குழாயைத் தவிர வேறு கரண்டியை இனி எங்கள் வீட்டில் எடுப்பதில்லை.

மூக்கடைப்புக்கு உப்புநீர்ச் சொட்டும் தாய்ப்பாலும் போதுமாக இருந்தன. கற்பூரத் தைலத்தையும் மாமியார் ஒதுக்கிவைத்துவிட்டார்.