ஆத்ம ஞானம்: ‘தன்னறிவு’ போதுமா?

நண்பர்களுக்கு வணக்கம்.

ஆத்ம ஞானம் என்ற வடசொல்லுக்குத் தமிழில் ‘தன்னறிவு’ எனலாம் என்ற யோசனையில், சொல்லின் முதல் பாதி எனக்கு முழுச் சம்மதம். வடமொழியில் ஆத்மன் என்பது ‘தான், தன்னை’ என்ற பொருளிலும் சாதாரணமாக வழங்கும் சொல். நம்முடைய ‘தன்’ அப்படியே பொருந்துகிறது. திருமூலரும் ‘தன்னை அறிய’ என்கிறார்.

இடறுவது ‘அறிவு’. தன்னறிவு என்றால் கேட்பவர் சுயபுத்தி என்றே எடுத்துக்கொள்வார். தன்னுணர்வு என்றாலோ உளவியல் பக்கம் போய்விடும். அப்புறம், அறிவு வெளியிலிருந்து சேர்ப்பதாகவும் ஒலிக்கிறது. சாந்தோக்கிய உபநிடதத்தில் நாரதர் நான்கு வேதம் முதல் தாம் கற்றதையெல்லாம் அடுக்கிவிட்டு, ‘மந்திரம் அறிவேன், ஆத்மாவை அறியேன்’ என்று சனத்குமார முனிவரிடம் நிற்கிறார். அவரிடம் அறிவுக்கா பஞ்சம்?

கும்பகோணம் பக்கம், அரசலாற்றங்கரை எங்கள் ஊர். மேட்டூர் திறந்து புதுத்தண்ணீர் வந்தால் செக்கச்செவேலென்று கலங்கித்தான் வரும். பாட்டி மண்பானையின் உட்புறத்தில் தேத்தாங்கொட்டையைத் தேய்த்து அந்தத் தண்ணீரை ஊற்றிவைப்பார். காலையில் வண்டல் அடியில் படிந்திருக்கும், தேய்த்த கொட்டையின் பொடியும் அதோடு தங்கியிருக்கும். சங்கரர் பெயரில் வழங்கும் ஆத்மபோதத்தின் 5ஆம் சுலோகம் சொல்வதும் இதே கொட்டையைத்தான்: அறியாமைக் கலங்கலை நீக்கிய ஞானம், நீரைத் தெளியவைத்த பொடி போலத் தானும் மறைந்துவிடுகிறது. புதிதாக ஒன்றும் வந்து சேரவில்லை, இருந்த நீர் தெளிந்தது.

அதனால் என் பரிந்துரை ‘தன்தெளிவு’. குறளில் மெய்யுணர்தல் அதிகாரமே ‘ஐயத்தின் நீங்கித் தெளிந்தார்’ என்கிறது.

இது சங்கரரின் அத்வைதத்துக்கு மட்டும் பொருந்தும் சொல் என்று சைவ அன்பர்கள் ஒதுக்க வேண்டாம். திருவாவடுதுறை, தருமபுரம் ஆதீனங்கள் போற்றிவரும் சைவ சித்தாந்தத்தில், இறைவன் அறிவித்தால்தான் உயிர் அறியும். நீரும் தானாகத் தெளியவில்லையே, தேய்க்க ஒரு கை வேண்டியிருந்தது! ‘தெளிவு குருவின் திருமேனி காண்டல்’ என்று திருமந்திரத்திலேயே இருக்கிறது.

புணர்ச்சிப்படி ‘தற்றெளிவு’ என்று வரவேண்டும், தெரியும். ஆனால் முதல்முறை படிப்பவருக்கு அதில் ‘தெளிவு’ கண்ணில் படாது. புணர்த்தாமலே ‘தன்தெளிவு’ என்று எழுதலாம் என்பது என் விருப்பம். ஆத்ம ஞானியைத் ‘தன்தெளிந்தார்’ எனலாம். ‘அத்யாத்ம வித்யை’க்கு மட்டும் இது போதாது. அது ஆத்மாவைப் பற்றிய கல்வித்துறையின் பெயர், அங்கே ‘தன்தெளிவியல்’ சரிவருமா என்று சொல்லுங்கள்.