கிட்பேஷிங்: தமிழில் என்ன சொல்லலாம்?

குழுமத்தாருக்கு வணக்கம்.

அளவுமாதிரிக் (உண்மைப் பொருளைச் சிறிய அளவில் கட்டும் கலை) கலைச்சொல் பட்டியலில் கிட்பேஷிங் மட்டும் இன்னும் ஒலிபெயர்ப்பாகவே கிடக்கிறது. சிறுவயதிலிருந்தே விமானங்களும் விண்கலங்களும் அனிமே இயந்திர மனிதர்களும் கட்டி வருபவன் நான். இந்த மூன்று உலகங்களும் ஒரே மேசையில் சந்திக்கிற வேலை இதுதான் என்பதால் அப்படியே விட மனம் வரவில்லை.

புதிதாக வந்திருப்பவர்களுக்காக ஒரு விளக்கம். உறுப்புகளாகப் பெட்டியில் வரும் ஒரு மாதிரித் தொகுதியை (கிட்) அதன் வழிகாட்டித் தாளில் உள்ளபடி கட்டாமல், பல தொகுதிகளின் உறுப்புகளை எடுத்து, எந்தப் பெட்டியிலும் இல்லாத ஒன்றைக் கட்டுவதுதான் கிட்பேஷிங். 1977இல் வந்த ஸ்டார் வார்ஸ் படத்துக்காக மில்லினியம் ஃபால்கன் கலத்தைச் செய்தவர்கள், டாங்கி, விமானத் தொகுதிகளைப் பிரித்து அவற்றின் உறுப்புகளைக் கலத்தின் உடலெங்கும் பதித்தார்கள். ஜப்பானில் பண்டாய் நிறுவனம் 1980இல் கன்டம் என்ற அனிமே இயந்திர மனிதர்களின் தொகுதிகளை வெளியிடத் தொடங்கியது. இன்று 1/144 அளவில் ஒரு கன்டத்தின் தலையையும் இன்னொன்றின் கால்களையும் சேர்த்துத் தனக்கென்று ஒன்றை உருவாக்காத ரசிகர் குறைவு.

செய்து பார்த்தால்தான் இதன் அழகு பிடிபடும். 1/35 டாங்கியின் சக்கரம் ஒன்றை விண்கலத்தின் பின்புறத்தில் பதித்தால் அது உந்துகுழாயின் வாயாகிவிடும். சக்கர நடுவில் வட்டமாக நிற்கும் மரைத்தலைகள் இப்போது ஆள் நுழையும் கதவுகள் போலத் தெரியும். புடைப்பு எவ்வளவு சிறிதோ, கலம் அவ்வளவு பெரிது. கட்டி முடித்த நிலையில் பச்சை, வெள்ளை, மங்கிய மஞ்சள் என்று உறுப்புக்கு ஒரு நிறமாக நிற்கும். சாம்பல் நிற அடிப்பூச்சு ஒரு கை போனதும் எது எங்கிருந்து வந்தது என்பதே மறைந்துபோகும். அந்த ஒரு நொடிக்காகத்தான் இத்தனை பாடும்.

சரி, சொல்லுக்கு வருவோம். இதுவரை வந்த பரிந்துரைகள் மூன்று. ‘உடைத்தொட்டல்’ ஆங்கிலச் சொல்லில் இருக்கும் அடிதடியைக் (‘பேஷ்’ என்றால் ஓங்கி அடிப்பது) கொண்டுவருகிறது, ஆனால் இந்த வேலையில் உடைப்பதைவிடத் தேர்ந்தெடுப்பதுதான் அதிகம். ‘யாளியாக்கம்’ எனக்கு மிகவும் பிடித்தது. சிங்க உடலும் யானைத் துதிக்கையும் கொண்ட யாளியைவிடப் பழைய எடுத்துக்காட்டு நமக்கு வேண்டுமா? ஆனாலும் யாளி என்றதும் வாசகர் கண்முன் தூண்தான் வந்து நிற்கும், விண்கலம் வராது.

‘பெட்டிக்கலப்பு’தான் பலருக்கும் பிடித்திருக்கிறது. எனக்கு அதில் உடன்பாடில்லை. முதல் காரணம், கலப்பு என்றால் கலந்தவை தம் வடிவத்தை இழக்க வேண்டும். இங்கே எந்த உறுப்பும் வடிவம் இழப்பதில்லை, பழைய அடையாளத்தைத்தான் இழக்கிறது. இரண்டாவது, இந்த வேலை பெட்டிக்குள் அடங்கிவிடுவதில்லை. 1984இல் முதன்முதலாகப் பறந்த கிரம்மன் எக்ஸ்-29 ஆய்வு விமானத்தைப் பாருங்கள். இறக்கைகள் முன்னோக்கி வளைந்திருக்கும். முன்னுடல் எஃப்-5ஏ விமானத்திலிருந்து வந்தது, முதன்மைத் தரையிறங்கு சக்கரங்கள் எஃப்-16இலிருந்து. விமானிகளைச் சுமந்து பறந்த அந்த விமானமும் இதே வேலையின் விளைவுதான். அதற்கு எந்தப் பெட்டி?

என் பரிந்துரை: ஒட்டுரு. ஒட்டு + உரு. செய்முறையை ஒட்டுருவாக்கம் என்றும் செய்பவரை ஒட்டுருக் கலைஞர் என்றும் சொல்லலாம். கருத்துகளை எழுதுங்கள்.

*

ஐயா, வணக்கம்.

> என் பரிந்துரை: ஒட்டுரு.

எக்ஸ்-29 எடுத்துக்காட்டு என்னைப் பெட்டியிலிருந்து வெளியே கொண்டுவந்துவிட்டது, நன்றி. ஆனால் ஒட்டுருவில் எனக்கு இரண்டு தடைகள் உண்டு.

ஒன்று, ஒட்டு என்றால் பசை. நான் கட்டுவது முழுக்க கன்ப்ளா, அதாவது கன்டம் நெகிழித் தொகுதிகள். அதில் உறுப்புகளை அழுத்திப் பொருத்தினால் போதும், பசையே தேவையில்லை. கணினியில் முப்பரிமாண உறுப்புகளைச் சேர்த்துக் கலம் வரைபவர்களும் கிட்பேஷிங் என்ற இதே சொல்லைத்தான் புழங்குகிறார்கள். அங்கே பசைக்கு எங்கே போவது?

இரண்டு, ‘ஒட்டுப்போட்டது’ என்றாலே கிழிசலை மறைத்தது என்றுதான் காதில் விழுகிறது. இவ்வளவு பொறுமையும் கண்ணும் கேட்கிற ஒரு கலைக்கு அந்த நிழல் வேண்டாமே. ‘கூட்டுரு’ என்று வைத்தால் என்ன?

அப்புறம், மேற்பரப்பில் பதிக்கும் சிறு உறுப்புகளை கிரீபிள் என்கிறார்களே, அதையும் இதே சொல்லுக்குள் அடக்கிவிடலாமா?

*

அம்மா, வணக்கம். நல்ல கேள்விகள்.

கடைசியை முதலில் முடித்துவிடுகிறேன். கிரீபிளை இதில் அடக்க வேண்டாம். வெறும் நெகிழித் தகட்டை வெட்டிக்கூட கிரீபிள் செய்யலாம், அதற்கு இன்னொரு தொகுதி தேவையே இல்லை. புடைப்புச் சிற்பம் என்ற சொல் நம்மிடம் இருப்பதால் ‘நுண்புடைப்பு’ பொருந்தும் என்று நினைக்கிறேன்.

பசை பற்றி: நான் ஒட்டு என்று எழுதியபோது மனதில் இருந்தது ஒட்டுச்செடி. ஒன்றின் வேர், இன்னொன்றின் கிளை, வெட்டுமுகங்கள் பொருந்தி ஒரே உயிராக வளர்வது. அதில் பசை கிடையாது. பாலிஸ்டைரீன் தொகுதிகளுக்கு நாங்கள் பயன்படுத்தும் திரவமும் உண்மையில் பசையாக வேலை செய்வதில்லை, அது கரைப்பான். இரண்டு முகங்களையும் இளக்கிவிட்டு ஆவியாகிப் போகும். மிஞ்சுவது ஒரே நெகிழி. மூட்டுகளில் வரும் பாலிஎத்திலீன் வளையங்களில் அது பிடிக்காமல் போவதும் இதனால்தான், அந்த நெகிழி அதில் கரைவதில்லை. அழுத்திப் பொருத்தும் கன்ப்ளாவுக்கும் கணினி உருவுக்கும் இந்தப் பொருள் சிக்கலில்லாமல் வரும்.

கூட்டுரு அழகான சொல், மறுக்கவில்லை. ஆனால் ஒரே தொகுதியை அதன் தாளில் உள்ளபடி கட்டினாலும் அது உறுப்புகளைக் கூட்டிச் செய்த உருதானே? வெவ்வேறு மூலங்களிலிருந்து வந்தவை என்பதைக் கூட்டு சொல்லவில்லை. ஒட்டு சொல்கிறது. கிழிசலின் நிழல் ‘ஒட்டுப்போடு’ என்ற வினையோடுதான் வருகிறது. ‘ஒட்டுரகம்’ என்று சொல்லும்போது யாருக்கும் கிழிசல் நினைவு வருவதில்லை, நல்ல ரகம் என்றுதான் தோன்றும்.

வாக்கியத்தில் வைத்துப் பாருங்கள்: “இது இரண்டு போர் விமானங்களையும் ஒரு கன்டத்தையும் சேர்த்துச் செய்த ஒட்டுரு.” “எக்ஸ்-29 பறக்கும் ஒட்டுரு.” “ஒட்டுருவாக்கத்துக்கென்று மிச்ச உறுப்புகளைச் சேர்த்து வைத்திருக்கிறேன்.” எனக்கு எங்கும் இடறவில்லை.

*

ஐயா,

செடி என்றதும் தடை நீங்கியது. மூன்றாவது வாக்கியத்தை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தேன், நன்றாகவே ஓடுகிறது. ஒரே ஒரு வேண்டுகோள்: பட்டியலில் விளக்கம் எழுதும்போது பசை என்ற சொல் வர வேண்டாம். ‘வெவ்வேறு மூலங்களின் உறுப்புகளைப் பொருத்தி உருவாக்கிய புதிய உரு’ என்று போட்டால் நெகிழி, கணினி, உண்மை விமானம் எல்லாமே அதற்குள் வந்துவிடும். நுண்புடைப்பைத் தனி இழையில் எடுத்துக்கொள்வோம். அதில் சொல்ல எனக்கு நிறைய இருக்கிறது.